அமினோ டப்பாவும் அரை லிட்டர் பாலும்: ஒரு பளுதூக்கும் பயிற்சியாளரின் நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை கொடுத்த ஸ்குவாட்டின் (தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழும் பயிற்சியின்) வலியை இன்றுதான் பையன்கள் உணர்கிறார்கள். படியிறங்கச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கும் பையன் புது அமினோ பவுடர் டப்பா ஒன்றோடு வந்தான். "தொடையில் லாக்டிக் அமிலம் தங்கிவிட்டது மாஸ்டர். இதைக் குடித்தால் மறுநாளே சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள்" என்றான்.

பயிற்சியில் ஊறும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்தைவிட்டு அகன்றுவிடும். இரண்டாம் நாள் வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாரத்தோடு கீழே உட்காரும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அப்போது நார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகி, 24 மணியிலிருந்து 72 மணி நேரம் வரை வலி இருக்கும். அதே பயிற்சியைத் தொடர்ந்தால் வலி தானாகக் குறையும். இதைச் சொன்னேன். டப்பாவை மட்டும் படித்துப் பார்ப்பதற்காக வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 4, புதன்

தர்பூசணி வாசனையோடு இளஞ்சிவப்புத் தூள். ஒரு கரண்டியில் லியூசின் 2.5 கிராம், ஐசோலியூசின் 1.25, வேலின் 1.25. இந்த மூன்றும்தான் கடைகளில் பி.சி.ஏ.ஏ. என்று விற்கப்படும் கிளைச் சங்கிலி அமினோ அமிலங்கள். மற்றதெல்லாம் புளிப்பு, இனிப்பு, நிறம்.

உடம்பின் புரதங்கள் 20 அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் 9-ஐ உடம்பு தானாகத் தயாரிக்காது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். டப்பாவில் இருப்பவை அந்த ஒன்பதில் மூன்று. லைசின், மெத்தியோனின், திரியோனின், ஃபினைல்அலனின், டிரிப்டோஃபன், ஹிஸ்டிடின் ஆறும் இல்லை. அந்த ஆறும் இல்லாமல் தசை எதை வைத்து வளரும்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டார். அன்று தெரிந்திருந்த அமினோ அமிலங்களையெல்லாம் தூய வடிவில் கலந்து எலிகளுக்கு ஊட்டினார். எலிகள் வளரவில்லை, எடைதான் குறைந்தது. பாலில் உள்ள கேசீன் புரதத்தைக் கொடுத்தால் நன்றாக வளர்ந்தன. கலவையில் இல்லாத ஏதோ ஒன்று புரதத்தில் இருக்கிறது என்று விடாமல் தேடி, 1935-இல் திரியோனினைப் பிரித்தெடுத்தார். ஒன்றே ஒன்று குறைந்ததற்கே எலிகள் அப்படி வாடின. அந்தத் திரியோனினும் இந்த டப்பாவில் இல்லை. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

லியூசினுக்குத் தனிச் சிறப்பு உண்டு, மறுக்கவில்லை. தசைப் புரதம் உருவாகும் வேலையைத் தூண்டிவிடுவது அதுதான். 2017-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், பயிற்சிக்குப் பின் 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. குடித்தவர்களிடம் தசைப் புரத உற்பத்தி, வெறும் சுவைநீர் குடித்தவர்களைவிட 22 சதவீதம் கூடியது. ஆனால் மற்ற ஆறும் சேர்ந்த முழுப் புரதம் கொடுத்தால் கிடைக்கும் உயர்வு இதைவிட அதிகம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அதே ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் உல்ஃப் இன்னும் கறாராகச் சொன்னார்: மூன்றை மட்டும் கொடுத்தால் மற்ற ஆறையும் உடம்பு தன் தசையைக் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். வலி சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் உண்டு. அதற்காக இவ்வளவு பணமா?

ஜூன் 7, சனி

பையனின் அம்மா வந்திருந்தார். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலை. விரல் நுனிகளில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. டப்பாவுக்காக முன்பணம் வாங்கியிருக்கிறார்.

"மாஸ்டர், இந்தப் பவுடர் இல்லாவிட்டால் பிள்ளையால் ஜெயிக்க முடியாதா?"

"இல்லாமலேயே ஜெயிக்கலாம் அம்மா. அந்தக் காசுக்கு முட்டையும் பாலும் வாங்கிக் கொடுங்கள்" என்றேன். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து பொய் சொல்லிப் பணம் பறிப்பவர்கள் மீது எனக்குக் கடுங்கோபம் வருகிறது.

இருவரையும் உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். பையனின் எடை 62 கிலோ. 2018-இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வின்படி, எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரை பலன் தெரிகிறது. அதாவது நாளுக்கு ஏறக்குறைய 100 கிராம். வீட்டில் அவன் சாப்பிடும் இட்லி, சோறு, சாம்பார், ஒரு முட்டை எல்லாம் சேர்த்து 45 கிராம்கூடத் தேறவில்லை. குறை இங்கேதான் இருக்கிறது.

இன்னும் மூன்று முட்டை 18 கிராம். பால் அரை லிட்டர் 16. வேர்க்கடலை 50 கிராமில் 12. மீல்மேக்கர் 25 கிராம் ஊறவைத்துக் குழம்பில் போட்டால் 13. நூறைத் தாண்டிவிட்டது. அரை லிட்டர் பாலிலும் இரண்டு முட்டையிலும் சேர்ந்தே சுமார் இரண்டரை கிராம் லியூசின் வந்துவிடுகிறது, மற்ற எட்டோடும் சேர்ந்து. அம்மா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "மீல்மேக்கரா? இவன் தட்டிலிருந்து ஒதுக்குவானே" என்றார். இனி ஒதுக்க மாட்டான்.

ஜூன் 11, புதன்

போட்டிக்குப் போகும் எல்லோரையும் கூட்டி வைத்து ஊக்கமருந்து பற்றிப் பேசினேன். ஜெர்மனியின் கோலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய, இந்தத் தூள் போன்ற 634 துணை உணவுகளைச் சோதித்தது. 94-இல் லேபிளில் குறிப்பிடாத ஹார்மோன் பொருள்கள் இருந்தன. தெரியாமல் குடித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்பில் எது இருந்தாலும் வீரரே பொறுப்பு. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் நம் வேலூர்க்காரர். இங்கே பார்பெல் தூக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கனவு இருக்கிறது. ஒரு கரண்டித் தூளுக்காக அது பறிபோகக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

சைவம் சாப்பிடும் கல்லூரி மாணவி, "எனக்காவது அமினோ வேண்டுமா மாஸ்டர்?" என்று கேட்டாள். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் பரவாயில்லை. உளுந்து சேர்ந்த இட்லியிலும் பருப்புச் சோற்றிலும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகிறது. அளவைத்தான் கூட்ட வேண்டும்: தினம் ஒரு கிண்ணம் சுண்டல், தயிர், மீல்மேக்கர், முடிந்த நாளில் பனீர்.

பிறகு தூக்கம் பற்றிக் கேட்டேன். நள்ளிரவு வரை படிப்பு, நாலரைக்கு எழுந்து இங்கே ஓடி வருகிறாள். போன மாதம் 70 கிலோ ஸ்குவாட்டை எளிதாகச் செய்தவள், இப்போது 65-க்கே திணறுகிறாள். அவளுக்கு மாலை ஐந்தரைக்கு நேரம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இந்த வாரம் 60 கிலோவில் ஐந்தைந்தாக மூன்று செட் மட்டும்.