சுவருக்கு அப்பால் ஓர் உறுமல்

கோயம்புத்தூர் வார்ப்பாலையில் ஒன்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்கு வந்து சேர்ந்த முதல் மாதத்தில், இரவைக் கடப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அடுத்த வீட்டிலிருந்து மின்கித்தாரின் உறுமல் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும். அங்கே குடியிருந்தவர் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்த இளைஞர். எங்கள் ஆலையிலேயே கொதிகலன் பிரிவில் வேலை செய்பவர்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினேன்.

"குறைச்சிடுறேன் அண்ணே. ஒரே ஒரு பாட்டு மட்டும் உட்கார்ந்து கேளுங்க," என்றார்.

அவர் ஒலிக்கவிட்டது பிளாக் சபாத் என்ற ஆங்கிலேய ஹெவி மெட்டல் இசைக்குழுவின் 1970ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டு. மழை, இடி, மணியோசை. பிறகு கனமான மூன்றே சுரங்கள். ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். கல்யாணி ராகத்தில் ஒளியாக விரியும் அதே மத்திமம், பக்கத்தில் வேறு சுரம் இல்லாமல் தனித்து நிற்கும்போது இத்தனை அச்சம் தரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அக்குழுவின் கித்தார் கலைஞர் டோனி ஐயோமி, பர்மிங்காம் நகரில் தகட்டு உலோக ஆலைத் தொழிலாளியாக இருந்தவர். பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளன்று, இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கை வழக்கமுள்ள அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுதான். விரல்களுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளைக் கட்டி வாசித்தார். 1971இல் வந்த மூன்றாம் இசைத்தட்டின் சில பாடல்களில் சுருதியையும் மூன்று அரைச்சுரம் தாழ்த்தினார். தந்தி தளர்ந்தது, ஒலி கனத்தது. ஹெவி மெட்டலை வெற்று இரைச்சல் என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்தக் கனத்துக்குப் பின்னே ஒரு தொழிலாளியின் காயம்பட்ட கை இருக்கிறது.

அந்தத் தம்பி தைப்பூசத்தில் உறுமியும் வாசிப்பார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகலும், கித்தாரின் நீண்ட உறுமலும் தமக்கு வேறு வேறல்ல என்பார். கோயில் திடலில் அருகே நின்று கேட்ட பிறகு நானும் அதை ஏற்றுக்கொண்டேன். இரண்டுமே காதுக்கு முன்பாக நெஞ்சுக்கூட்டைத்தான் தொடுகின்றன.

சென்ற மாதம், வார்ப்பாலையில் விரலை இழந்த என் பழைய கூட்டாளிக்குத் தொலைபேசியில் அந்த இசையைப் போட்டுக் காட்டி, ஐயோமியின் கதையையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அந்த விரலுறையை எதனால் செய்தார் என்று கேட்டார்.

பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, மேலே தோல் ஒட்டி என்றேன்.