முதல் கேனிங்: திரும்பிப்போன வண்டியும் அடங்காத ஹாப்ஸும்

கடைசி அட்டைப்பெட்டி நேற்று சாயங்காலம்தான் குளிரறைக்குள் போனது. 1,000 லிட்டர் பேல் ஏல் வகைப் பீர். போட்ட கணக்குப்படி மூன்று வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. கெக்கில் (பெரிய உலோகப் பீப்பாயில்) மட்டும் நிரப்பிப் பழகிய சின்ன ப்ரூவரி முதல் தடவையாகக் கேனுக்குப் போகும்போது எங்கெங்கே இடிக்கும் என்பதை, எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவைக்கிறேன்.

காய்ச்சிய கதை ஒரு மூச்சில் முடியும். 66 டிகிரியில் மாஷ் (முளைவிட்ட தானியத்தை வெந்நீரில் ஊறவைப்பது), 12.5 பிளேட்டோ வோர்ட் (அதிலிருந்து வடித்த இனிப்புச் சாறு; பிளேட்டோ என்பது அதில் கரைந்த சர்க்கரையின் அளவு), 19 டிகிரியில் ஏல் ஈஸ்ட், ஐந்தாம் நாள் 2.8 பிளேட்டோ, ஆறாம் நாளும் அதே 2.8. அன்றைக்கே லிட்டருக்கு 8 கிராம் ட்ரை ஹாப், அதாவது கொதிக்கவைக்காமல் நேராகப் பீரில் போடும் ஹாப்ஸ் பூ. மூன்று நாள் விட்டு 1 டிகிரிக்குக் குளிரவைத்து, கோனில் (டேங்க்கின் கூம்பு அடியில்) படிந்ததை வடித்து, 2.5 வால்யூம் கார்பனேஷன் (ஒரு லிட்டர் பீரில் 2.5 லிட்டர் கரியமில வாயு). தப்பு இந்தப் பத்திக்குள்ளேயே இருக்கிறது. அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லை.

சொந்த லைன் இல்லை. நடமாடும் கேனிங் வண்டிதான். வண்டியோடு வந்த ஆபரேட்டர் வாய் திறந்து கேட்டது இரண்டே விஷயம்: பீர் என்ன வெப்பத்தில் இருக்கிறது, மூடியின் அளவுத்தாள் எங்கே. இரண்டிலும் கோட்டைவிட்டோம்.

வெப்பத்துக்கு, கன்ட்ரோல் பெட்டியில் 1 டிகிரி என்று ஒளிர்ந்ததைக் காட்டினோம். அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குழாயை மாட்டி, ஜக்கில் பீரைப் பிடித்து, தன் தெர்மாமீட்டரை முக்கினார். 5 டிகிரி. சென்சாரில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தோம். சென்சார் சரியாகத்தான் சொன்னது. அது இருக்கும் இடத்தைப் பற்றி மட்டும் சொன்னது. தண்ணீர் அதிக அடர்த்தியோடு இருப்பது 4 டிகிரியில். பீருக்கு அது 2.5, 3 டிகிரியை ஒட்டி வரும். அதற்கு மேலே இருக்கும்வரை, குளிர்ந்த பீர் கனத்துக் கீழே இறங்கும், டேங்க்கில் பீர் தானாகவே கலந்துகொள்ளும். அந்த அளவைத் தாண்டிக் குளிர்ந்தால் எல்லாம் தலைகீழ். மேலும் குளிர்ந்த பீர் லேசாகி மேலே ஏறிவிடும். 3 டிகிரிப் பீர் கனத்தோடு கோனில் உட்கார்ந்துவிடும். சென்சார் நடு ஜாக்கெட்டை (டேங்க்கைச் சுற்றிக் குளிர்விக்கும் உறையை) ஒட்டி இருக்கிறது, நாம் பீரை எடுப்பதோ கீழேயிருந்து. மிச்சம் 2 டிகிரியை, உறை போடாமல் தரையில் கிடந்த 8 மீட்டர் குழாய் சேர்த்துக் கொடுத்தது.

4 டிகிரி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். 2.5 வால்யூம் பீரை அடக்கி வைக்க 1 டிகிரியில் சுமார் 0.7 பார் போதும், 5 டிகிரியில் 0.9 வேண்டும். திறந்த கேனுக்குள் விழும்போது இரண்டுமே கிடையாது, வெளிக்காற்றின் அழுத்தம்தான். வெப்பம் கூடக்கூட வாயு பிய்த்துக்கொண்டு கிளம்பும். பாதிக் கேன் நுரையாக வழியும், மூடியபிறகு எடை குறையும்.

அடுத்தது மூடி. விற்றவர் அட்டைப்பெட்டிகளை அனுப்பினாரே தவிர, சீம் (கேனும் மூடியும் மடிந்து கவ்வும் விளிம்பு) அளவுத்தாளை அனுப்பவில்லை. போன் செய்தால் "எல்லா மூடியும் ஒன்றுதான் சார்" என்று பதில். ஒன்று இல்லை. கேனின் வாய் அளவு 202 என்று ஒன்றாகவே இருந்தாலும், மூடியில் பி64, சிடிஎல் என்று வகைகள் உண்டு. பள்ளத்தின் ஆழமும் சுவரின் சாய்வும் வேறு. ஒன்றுக்கான சீமிங் சக் (மூடும்போது மூடியைப் பிடிக்கும் அச்சு) மற்றதற்குப் பொருந்தாது. மாற்றிப் போட்டாலும் மெஷின் மூடத்தான் செய்யும். பார்வைக்கு அழகாகவே இருக்கும். உள்ளே கேனின் கொக்கியும் மூடியின் கொக்கியும் ஒன்றையொன்று பிடித்திருக்காது. தாள் இல்லாமல் சீமரை ஓட்டமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அன்றைக்குக் கடுப்பாக இருந்தது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது வந்திருந்தது சிடிஎல். அவர் மாட்டிக்கொண்டு வந்திருந்த சக் பி64-க்கானது. வண்டி வெறுங்கையோடு திரும்பியது. வந்துபோன வாடகை எங்கள் தலையில்.

முன்பதிவு செய்யும்போதே மூடியின் வகை, தயாரிப்பாளரின் அளவுத்தாள், கேன் தயாரிப்பாளரின் தாள் மூன்றையும் வண்டிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அந்தத் தாளில் பார்க்க வேண்டியவை பள்ளத்தின் ஆழம், சீமின் கனம், சீமின் உயரம், உடல் கொக்கி, மூடிக் கொக்கி, இரண்டும் கவ்வும் ஓவர்லாப்.

அடுத்த தேதி ஏழு நாள் தள்ளிக் கிடைத்தது. அந்த ஏழு நாள்தான் எங்களைக் காப்பாற்றியது.

ஜக்கில் பிடித்த பீரை இரண்டு பாட்டிலில் ஊற்றி மூடி, மேசைமேல் மறந்துவைத்திருந்தார்கள். நாலாம் நாள் ஒன்றைத் திறந்தால் பீய்ச்சியடித்தது. வாயுவை நீக்கி அளந்தால் 2.4 பிளேட்டோ. மூக்கருகே கொண்டுபோனால் உருக்கிய வெண்ணெய் வாடை. டேங்க்கில் இருப்பதோ 2.7, வாடை எதுவும் இல்லை. பழைய குறிப்பைப் புரட்டினால், குளிரவைத்த அன்றைக்கே 2.7 என்று எழுதியிருக்கிறது. 2.8-க்கும் 2.7-க்கும் உள்ள வித்தியாசத்தை ஹைட்ரோமீட்டரின் பிழை என்று தள்ளியிருக்கிறோம். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

இதற்குப் பெயர் ஹாப் க்ரீப். ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் என்சைம்கள் கொஞ்சம் உண்டு. கொதியில் போடும் ஹாப்ஸில் அவை செத்துவிடும். ட்ரை ஹாப்பில் உயிரோடு பீருக்குள் போகும். ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் மிஞ்சிய டெக்ஸ்ட்ரினை அவை சின்னச் சர்க்கரையாக நறுக்கிக் கொடுக்கும். ஈஸ்ட் மறுபடி சாப்பிட உட்காரும். புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1893-லேயே இங்கிலாந்தில் ஹொரேஸ் பிரவுனும் ஹாரிஸ் மோரிசும் இதை எழுதிவைத்துவிட்டார்கள். மரப்பீப்பாயில் இரண்டாம் நொதிப்பைக் கிளப்ப அன்றைக்கு இது வேண்டிய குணம். அடைத்த கேனுக்குள் இது வெடிமருந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிராவிட்டி (பிளேட்டோவில் அளக்கும் மிச்சச் சர்க்கரை) 0.8 பிளேட்டோ இறங்கினால் லிட்டருக்கு சுமார் 3 கிராம் வாயு, அதாவது ஒன்றரை வால்யூம். ஏற்கெனவே உள்ள 2.5-ஓடு சேர்ந்தால் 4. குளிரில் அசையாமல் கிடக்கும். வெயிலில் நிற்கும் வண்டியில் கேனின் அடி உப்பும், சீம் பிரியும்.

வெண்ணெய் வாடைக்கும் காரணம் இதே இரண்டாம் சாப்பாடுதான். ஈஸ்ட் வேலை செய்யும்போது வெளியே தள்ளும் ஆல்ஃபா அசெட்டோலாக்டேட்டுக்கு வாடை கிடையாது. அது மெதுவாக டயாசெட்டிலாக மாறும்போதுதான் நாறும். அதனால் டேங்க்கை முகர்ந்து பார்த்துத் தேர்ச்சி கொடுப்பது வீண். மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றை மூடிய பாத்திரத்தில் 60–70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வையுங்கள், மற்றதைக் குளிரில் வையுங்கள். இரண்டையும் ஒரே வெப்பத்துக்குக் கொண்டுவந்து முகருங்கள். சுட்டதில் வெண்ணெய் வந்தால் பீர் இன்னும் ஆகவில்லை. எங்களுடையது அறையே மணக்கும் அளவுக்கு வந்தது.

மீட்பு வேலை எளிதல்ல, ஏனென்றால் ஈஸ்ட்டை ஏற்கெனவே வடித்துக் கொட்டியாகிவிட்டது. டேங்க்கை மறுபடி 19 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: 2.5 வால்யூம் பீர் 19 டிகிரியில் சுமார் 1.8 பார் கேட்கும். எங்கள் டேங்க்கின் சேஃப்டி வால்வு 1 பாரில் திறக்கும். வெப்பம் ஏறுவதற்கு முன்பே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வரவேண்டும். அவசரப்பட்டு வால்வை முழுக்கத் திறந்தால் நுரை குழாய் வழியே மேலே வந்துவிடும், அதோடு ஹாப்ஸின் மணமும். ஒரு பகல் முழுக்க இந்த வேலைதான். பிறகு அதே ஈஸ்ட்டில் இரண்டாம் நாள் பொங்கிக்கொண்டிருந்த அடுத்த பேட்ச்சிலிருந்து 80 லிட்டர், ஆக்சிஜன் படாமல், மூடிய குழாய் வழியே உள்ளே. காய்ந்த ஈஸ்ட்டைத் தூவுவதைவிட இது மேல். சாராயம் நிறைந்த பீரில் புது ஈஸ்ட் சோம்பிக் கிடக்கும், பொங்கும் ஈஸ்ட்டுக்குக் கூச்சம் இல்லை. ஆறாம் நாள் 2.0 பிளேட்டோ. ஏழு, எட்டாம் நாள்களிலும் 2.0. சுட்ட மாதிரியில் வெண்ணெய் இல்லை. அதற்கப்புறம்தான் குளிர். ஏழு நாள் தள்ளி வாங்கிய தேதியையும் ரத்து செய்ய வேண்டியதாயிற்று என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு கொசுறு அடி. லேபிளை 2.8-ஐ நம்பி 5.2 சதவீதம் என்று அச்சடித்தாகிவிட்டது. 2.0-க்கு இறங்கியபோது பீர் 5.6 ஆகிவிட்டது. லேபிள் மொத்தமும் குப்பைக்கு. கடைசி கிராவிட்டி தெரியாமல் லேபிளை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

இனி செய்யப்போவது முன்கூட்டியே சோதனை. ட்ரை ஹாப் போடும் அன்று அரை லிட்டர் பீரில் அதே விகிதத்தில் ஹாப்ஸ், அதாவது 4 கிராம், ஒரு சிட்டிகை ஈஸ்ட். பக்கத்தில் ஹாப்ஸ் இல்லாமல் இன்னொரு அரை லிட்டர். இரண்டையும் 25–30 டிகிரியில் அடிக்கடி குலுக்கி மூன்று நாள் வைத்தால், டேங்க் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடும். டயாசெட்டிலைத் தடுக்க ஏஎல்டிசி என்ற என்சைம் உண்டு. ஈஸ்ட்டோடு ஆரம்பத்திலேயே போட்டால் வெண்ணெய்ப் பிரச்சினை தலைதூக்காது. ஆனால் அது கிராவிட்டி இறங்குவதைத் தடுக்காது. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

இரண்டாம் வருகை. கோன் ஜாக்கெட்டைத் தனியாகத் திறந்து, கீழேயிருந்து மணிக்கணக்கு வைத்து வாயுவைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கி, 48 மணி நேரம் குளிரவைத்தோம். குழாயை 3 மீட்டராக வெட்டி உறை போட்டோம். ஃபில்லர் (கேனில் பீரை நிரப்பும் கருவி) வாயில் 1.5 டிகிரி. சக் சிடிஎல். முதல் மூன்று கேனை அறுத்து அளந்து, ஓவர்லாப் தாளில் உள்ளபடி வந்தபிறகே பெல்ட் ஓடியது; அப்புறம் அரை மணிக்கு ஒரு முறை.

பீரைக் கெடுக்கும் ஆக்சிஜன் மட்டும் சண்டித்தனம் செய்தது. டேங்க்கில் 35 பிபிபி (நூறு கோடியில் 35 பங்கு), ஃபில்லர் வாயில் 70. நடுவில் இருப்பது குழாய் மட்டும். ஒரு கிளாம்ப்பில் கேஸ்கெட் மடங்கியிருந்தது. பீர் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, ஆனாலும் காற்று உள்ளே போகிறது. மாற்றியதும் 38. மூடிய கேனில் முதலில் 180. நுரை மெல்லியதாக, பெரிய குமிழிகளோடு இருந்தால் ஒவ்வொரு குமிழியும் காற்றைச் சிறைவைக்கும். மூடி விழ வேண்டியது கெட்டியான சின்னக் குமிழி நுரைமேல். கேனுக்குள் முதலில் விடும் வாயு நேரத்தைக் கூட்டி, நிரப்பும் வேகத்தைக் குறைத்ததும் 90-க்கு வந்தது. கேனை மூன்று நிமிடமாவது குலுக்கிவிட்டு அளங்கள். குலுக்காமல் அளந்தால் தலைப்பகுதிக் காற்று கணக்கில் வராது, பொய்யான சந்தோஷம்தான் மிஞ்சும்.

அளவைக் கண்ணால் பார்க்காமல் எடையால் பிடித்தோம். 330 மில்லிக்கு, 1.008 அடர்த்தியில் 333 கிராம். அதோடு அந்த லாட்டின் காலிக் கேன், மூடி எடை. கடைசி எண்ணிக்கை 2,600 சொச்சம். பெட்டியிலிருந்து 12 கேன் 30 டிகிரி அலமாரியில், 12 குளிரறையில் ஒதுக்கியாயிற்று. அலமாரிக் கேனில் முதலாவதை வரும் வியாழக்கிழமை திறந்து கிராவிட்டி பார்க்கப்போகிறோம். 2.0 என்று வராதவரை ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது.