மேல்காற்றும் வாடையும்

எங்கள் வீடு நங்கநல்லூரில். எண்பதுகளில் மொட்டைமாடியில் நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் தலைக்கு நேர் மேலே போகும். சக்கரம் வெளியே வந்திருப்பது தெரியும், இந்தியன் ஏர்லைன்ஸின் ஆரஞ்சு வால் தெரியும். போயிங் 737 என்றால் ஜன்னல் கம்பி அதிரும். ஆவ்ரோ என்ற சின்ன புரொப்பெல்லர் விமானம் என்றால் அதன் டார்ட் என்ஜின் ஊசி மாதிரி காதைக் குத்தும். அடுப்படியில் உட்கார்ந்தபடியே எது என்று சொல்லிவிடுவேன்.

ஐப்பசி பிறந்து மழைக்காற்று தொடங்கினால் எல்லாம் மாறிவிடும். அதுவரை இறங்கிக்கொண்டிருந்தவை எங்கள் வீட்டுக்கு மேல் ஏறிப் போகும். ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பனை ஓலையைக் கிழித்து மடித்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்திக் காற்றாடி செய்து கொடுத்தார். "காத்தைப் பார்த்து ஓடுடா" என்றார். விர்ரென்று சுற்றியது. "இப்ப திரும்பி ஓடு." ஓய்ந்துவிட்டது. "பிளேனும் காத்தைப் பார்த்துத்தான் ஏறும், காத்தைப் பார்த்துத்தான் இறங்கும்" என்றார். எனக்கு அப்போது எட்டு வயது.

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. எதிர்க்காற்று இருந்தால் இறக்கைக்கு வேண்டிய காற்றோட்டம் சீக்கிரம் கிடைத்துவிடும், ஓடுபாதையில் ஓட வேண்டிய தூரம் குறையும். சென்னையின் பெரிய ஓடுபாதையின் மேற்கு முனைக்கு 07 என்று எண், எங்கள் வீட்டுப் பக்கமுள்ள கிழக்கு முனைக்கு 25. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று வீசும்போது 25 பக்கம், அதாவது எங்கள் வீட்டுக்கு மேலாக இறங்கும். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வாடை வந்துவிட்டால் 07 பக்கம் இறங்கும், எங்கள் வீட்டுக்கு மேலாக ஏறும். கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்தால் ஒரே நாளிலேயே திசை மாறுவதும் உண்டு.

இன்று நான் விமானப் பராமரிப்புப் பொறியாளன். பெரும்பாலும் நைட் ஷிப்ட். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது என்ஜின் முன்னால் நிற்கும் நேரம்தான். ஏர்பஸ் 320களில் சிலவற்றுக்கு சிஎஃப்எம்56-5பி என்ஜின். முன்பக்க ஃபேனில் 36 பிளேடுகள். என்ஜின் ஓடாதபோதும் காற்று அடித்தால் ஃபேன் மெல்லச் சுற்றும். பிளேடுகள் அடிப்பாகத்தில் கொஞ்சம் தளர்வாக உட்கார்ந்திருப்பதால், சுற்றும்போது கடகடவென்று சத்தம் வரும். முதல்முறை கேட்பவர்கள் ஏதோ கழன்றுவிட்டது என்று பயப்படுவார்கள். எனக்கு அது ஓலைக் காற்றாடி. அப்புறம் ஃபேனை நிறுத்தி, ஒவ்வொரு பிளேடின் முன்விளிம்பிலும் டார்ச் அடித்து, விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். கல் பட்ட சின்ன வெட்டு சில சமயம் கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. முப்பத்தாறையும் பார்த்து முடிக்காமல் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை.

அப்பா இப்போது இல்லை. அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். போன ஐப்பசியில் ஒருநாள் விடிகாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் அம்மாவின் போன்.

"காத்து திரும்பிடுச்சுடா. எல்லாம் மேல ஏறிப் போகுது."

"தெரியும்மா," என்றேன். "இப்ப போறது நான் அனுப்பினது."

"இரு, மாடிக்குப் போறேன்" என்று போனை வைத்துவிட்டார்.