குட்னா ஹோரா: எலும்பை மட்டும் பார்த்துவிட்டு ஓடாதீர்கள்

செக் நாட்டின் பழைய வெள்ளிச் சுரங்க ஊரான குட்னா ஹோராவுக்குப் போய்வந்ததைச் செலவு, நேரம், சாப்பாடு என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் எங்களை ஏற்றிப்போன பேருந்தைத் திட்டாவிட்டால் எனக்கு ஆறாது.

பிராக்கிலிருந்து குட்னா ஹோரா ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஆனால் செக் நாட்டில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், வார இறுதி என்றால் எங்கேயாவது ஒரு 'வீலுகா' இருக்கும். தண்டவாள வேலை, ரயில் கிடையாது, பேருந்தில் போ. வழியில் கொலீன் என்ற ஊரில் எல்லாரையும் ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து எங்கே நிற்கிறது என்பதற்கு ஒரே ஒரு தாள் ஒட்டியிருந்தது, அதிலிருந்த அம்புக்குறி நேராகச் சுவரைக் காட்டியது. ஒரு ரயில் கூட்டம் முழுக்க ஒரே பேருந்தில். வாய்ப்பூட்டு போட்ட நாய் என் காலடியில், குழந்தை வண்டி என் இடுப்பில், காளான் பறிக்கக் கிளம்பிய ஒரு பாட்டியின் காலிக் கூடை என் தலைக்கு மேல். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. இந்த ஊர்க்காரர்களின் பொறுமையைப் பாராட்டுவதா, இப்படிப் பொறுத்துக்கொள்வதால்தான் அம்புக்குறி இன்னும் சுவரைக் காட்டுகிறது என்பதா, எனக்கு இத்தனை வருடத்தில் முடிவாகவில்லை.

குட்னா ஹோராவின் பெரிய ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, செட்லெட்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. பழைய நகரம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் சொச்சம். ஊருக்குள் போகும் குட்டி ரயில், நாங்கள் வந்த நேரத்துக்குக் கிளம்பிப் போயிருந்தது. வாசலில் நின்ற டாக்ஸிக்காரர், மனித எலும்புகளால் அலங்கரித்த எலும்பு தேவாலயத்துக்கு 400 கொருனா (செக் பணம்) கேட்டார். நடந்தாலே பத்துப் பதினைந்து நிமிடம்! மீட்டர் போடுவீர்களா என்று செக் மொழியில் கேட்டதும் 250-க்கு இறங்கினார். "வேண்டாங்க, நடந்துடலாம்" என்று என் மனைவி முன்னால் போய்விட்டாள். மிச்சமான பணம் எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

செட்லெட்ஸ் எலும்பு தேவாலயத்தைப் பற்றி இணையம் முழுக்கப் படங்கள் இருக்கின்றன. 1278-இல் இங்கிருந்த மடத்தின் தலைவர் ஜெருசலேமிலிருந்து, இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாவின் மண்ணைக் கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தில் தூவியதாகச் சொல்கிறார்கள். அதன் பிறகு இங்கே புதைக்கப்பட எல்லாருக்கும் ஆசை. கொள்ளைநோய் வந்தது, ஹுசைட் போர்கள் என்ற மதச் சண்டைகள் வந்தன, இடம் போதாமல் தோண்டியெடுத்த எலும்புகள் குவிந்தன. 1870-இல் ஃபிரான்டிஷெக் ரின்ட் என்ற மரச்சிற்பி அவற்றைக் கொண்டு சரவிளக்கும் ஷ்வார்ட்சென்பெர்க் பிரபுக்களின் குலச்சின்னமும் செய்தார். அந்தச் சின்னத்தில் ஒரு காக்கை துருக்கியன் தலையின் கண்ணைக் கொத்துகிறது, அதுவும் எலும்பில்தான். உள்ளே இப்போது படம் எடுக்கத் தடை. மிக நல்ல தடை. மண்டையோட்டோடு செல்ஃபி எடுத்தவர்களை நான் முன்பு பார்த்திருக்கிறேன்.

இருபது நிமிடம் போதும். பக்கத்திலேயே இருந்த பழைய மடம் 19-ஆம் நூற்றாண்டிலேயே புகையிலை ஆலையாகிவிட்டது. புனித மண்ணுக்குப் பக்கத்தில் சிகரெட்.

பல பேர் இங்கிருந்தே அடுத்த ரயிலில் பிராக் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இந்த ஊரே வெள்ளியால் எழுந்தது. 1300-இல் இரண்டாம் வாட்ஸ்லாவ் மன்னர் இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்து இங்கே பிராக் குரோஷ் என்ற வெள்ளி நாணயம் அடிக்க ஆரம்பித்தார். நாணயம் அடித்த கட்டடத்துக்கு இன்றும் இத்தாலிய அரண்மனை என்றே பெயர். சுரங்கத்துக்குப் போகாமல் இந்த ஊரைப் பார்த்ததாகவே நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

ஹ்ராடெக் என்ற பழைய மாளிகையில் வெள்ளி அருங்காட்சியகம் இருக்கிறது. வழிகாட்டியோடுதான் சுரங்கத்துக்குள் விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். வெள்ளை அங்கி, தலைக்கவசம், கையில் விளக்கு. அன்றைய தொழிலாளிகளும் வெள்ளைதான் உடுத்தினார்கள், இருட்டில் ஒருவருக்கொருவர் தெரிய வேண்டுமே. பின்பக்கம் தோல் துண்டு கட்டிக்கொண்டு சரிவில் சறுக்கியே கீழே போனார்கள். நாங்கள் படியில் இறங்கினோம். சில இடங்களில் தோளைத் திருப்பித்தான் நகர முடிகிறது, தலைக்கவசம் பாறையில் இடித்துக்கொண்டே வந்தது. நடுவில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார் வழிகாட்டிப் பெண். கையைக் கண்ணுக்கு நேரே வைத்தாலும் தெரியவில்லை. கொழுப்பு விளக்கு ஒன்றை நம்பி நாள் முழுக்க இதற்குள் சுத்தியலால் பாறையைக் கொத்தியிருக்கிறார்கள். "இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்ததுல அவங்களுக்கு என்னங்க கிடைச்சிருக்கும்?" என்றாள் மனைவி. இடுப்பு வலியைத் தவிர வேறென்ன?

மூச்சுத் திணறல், முட்டி வலி இருப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் புனித பார்பராவின் பேராலயத்துக்குப் போங்கள், அந்த வரிசையில் பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும். பார்பரா சுரங்கத் தொழிலாளிகளின் காவல் தெய்வம். செட்லெட்ஸ் மடத்தின் அதிகாரத்துக்குக் கட்டுப்படாமல் இந்த ஊர்க்காரர்கள் தங்கள் வெள்ளிப் பணத்தில் 1388-இல் ஆரம்பித்தார்கள். போரும் பணமுடையும் மாறி மாறி நிறுத்தி, 1905-இல்தான் வேலை முழுதாக முடிந்தது. கூரை கூடாரம் கூடாரமாக நிற்கிறது. உள்ளே வெள்ளை அங்கி போட்ட சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குச் சிலை, ஒரு சிற்றாலயத்துச் சுவரில் நாணயம் அடிப்பவர்களின் ஓவியம். கும்பிட வந்த இடத்தில் தங்கள் வேலையையே வரைந்துவைத்திருக்கிறார்கள். பிராக் கோட்டையின் பெரிய பேராலயத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

சாப்பாடு! சதுக்கத்தை விட்டு இரண்டு தெரு தள்ளி ஒரு மதுக்கடையில் செஸ்னெச்கா கேட்டோம். அது பூண்டு சூப். மேலே வறுத்த ரொட்டி மிதந்தது, அடியில் பூண்டு கொஞ்சமல்ல. குளிரில் குடித்தால் சீரகம் குறைந்த பூண்டு ரசம்தான், சத்தியமாக. சைவக்காரியான மனைவிக்கு வழக்கம்போல ஸ்மஜெனி சீர், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி, கூடவே உருளைக்கிழங்கும் டார்ட்டர் சாஸும். சூப் சைவமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இறைச்சிச் சாற்றில் வைப்பவர்களும் உண்டு. நான் ஸ்விச்கோவா சாப்பிட்டேன். மாட்டிறைச்சி, இனிப்பு கலந்த காய்கறிக் குழம்பு, மாவு உருண்டை, உச்சியில் கிரீமும் சிவப்புப் பழ ஜாமும். முதல் வருடம் இதைப் பார்த்துச் சிரித்தவன் நான், இப்போது உருண்டை இன்னும் இரண்டு கேட்கிறேன். பியர் தீரும்போது அடுத்தது தானாக வந்துவிடும், வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். டாக்ஸியில் மிச்சம்பிடித்ததெல்லாம் இங்கேதான் போனது.

இலையுதிர் காலத்தின் ஆரம்பத்தில் போனால் புர்ச்சாக் கிடைக்கும், பாதி நொதித்த புதுத் திராட்சை மது. பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றித் தருவார்கள். அது நொதித்துக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்கக் கூடாது. திரும்பும் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞர் இறுக்கியிருந்தார். கொலீன் வருவதற்குள் மூடி கூரையில் மோதியது, இரண்டு வரிசைக்குத் திராட்சை அபிஷேகம். அப்போதும் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை, ஒரு பெரியவர் மட்டும் எவ்வளவுக்கு வாங்கினாய் என்று விலை விசாரித்தார்.