ஒஸ்தியா நாட்குறிப்பு

அக்டோபர் 15, செவ்வாய், ரோம்

காலையில் கொலோசியம், மதியம் பழைய ரோமின் நகரச் சதுக்கமான ஃபோரம். கொலோசியம் பிரம்மாண்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நிம்மதியாக நின்று பார்க்க விட்டால்தானே! பார்த்தது பாதி கல், பாதி செல்ஃபி குச்சி.

ஃபோரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது மக்சென்தியஸ் பசிலிக்கா என்ற பெரிய பொது மண்டபத்துக்கு அடியில் இருக்கும் மிளகுக் கிடங்கு. டொமிஷியன் பேரரசர் காலத்தில் கட்டியது. இந்தியாவின் மேற்குக் கடற்கரையில் கப்பலேறிய மிளகு செங்கடல், எகிப்து, அலெக்சாந்திரியா என்று சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. "நேற்று ராத்திரி பாஸ்தாவில் ஏன் அவ்வளவு மிளகு என்று இப்போதுதான் புரிகிறது" என்றாள் அக்கா.

கடல்வழி வந்த சரக்கு டைபர் ஆற்றில் படகேறித்தான் ரோமுக்குள் வந்தது. அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த ஊர் ஒஸ்தியா. நாளை அங்கேதான்.

அக்டோபர் 16, புதன், ஒஸ்தியா ஆன்டிகா

பிரமிதே மெட்ரோவை ஒட்டியே புறநகர் ரயில் நிலையம். அரை மணி நேரப் பயணம், அப்புறம் கொஞ்சம் நடை.

முதலில் வருவது கல்லறைகள். ஊர் எல்லைக்குள் பிணம் புதைக்கக் கூடாது என்பது ரோமச் சட்டம். அவற்றைத் தாண்டியதும் டெகுமானுஸ் என்ற ராஜவீதி. ஏற்றமும் இறக்கமுமாகக் கருங்கல் பாளங்கள். மெல்லிய செருப்போடு வந்தால் பாதம் காலி. இரண்டு பக்கமும் செங்கல் சுவர்கள், குடை விரித்த பைன் மரங்கள். கூட்டமே இல்லை.

பாம்பேய் நகரத்தை மூடியது போல இங்கே எரிமலை எதுவும் வெடிக்கவில்லை. வியாபாரம் போனது, ஜனம் போனது, மலேரியா வந்தது, ஆற்று வண்டல் மூடியது. 1557 வெள்ளத்தில் ஆறே தடம் மாறிவிட்டது. கடலும் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி முசோலினி காலத்தில், 1938 முதல் 1942 வரை, அவசர அவசரமாகத் தோண்டி எடுத்தது.

நெப்டியூன் குளியலகத்தின் மொசைக்கை மேடையேறிப் பார்த்தோம். அழகு. நாடக அரங்கம் நிறையப் புதுப்பித்த கட்டடம், அதனாலோ என்னவோ மனதில் ஒட்டவில்லை. அதன் பின்னால் இருக்கும் சதுக்கம்தான் விஷயம். சுற்றிலும் சிறு சிறு அறைகள், ஒவ்வொன்றின் முன்னும் தரையில் கறுப்பு வெள்ளை மொசைக்: கப்பல், கலங்கரை விளக்கம், டால்பின். கடைப்பலகைக்குப் பதில் தரையிலேயே விளம்பரம். வட ஆப்பிரிக்காவின் சப்ராத்தா ஊர்க்காரர்கள் யானையைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

டயானா வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை. அக்கா ஊரில் மெஸ் நடத்துகிறவள். அதற்கப்புறம் அவளை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. வாசலில் உட்காரக் கல் திண்ணை, உள்ளே பளிங்கு பதித்த கவுண்டர், பின்னால் படிப்படியாக அலமாரி, பின்கட்டில் நீரூற்றோடு முற்றம். கவுண்டருக்குக் கீழே குனிந்து பார்த்து, "கழுவுகிற தொட்டியை இங்கேயே வைத்திருக்கிறான் பாருடா. நம்ம கடையில் ஒவ்வொரு டம்ளருக்கும் பின்பக்கம் ஓட வேண்டியிருக்கு" என்றாள். சுவரில் காய், பழம் வரைந்த ஓவியம் இன்னும் நிறம் மங்காமல் இருக்கிறது. "எழுத்து தெரியாதவனும் கை காட்டி வாங்கிக்கலாம்" என்பது அவள் தீர்ப்பு. சரிதான் என்றே தோன்றுகிறது.

இன்னொரு கட்டடத்தில் கழுத்தளவு மண்ணில் புதைத்த பெரிய தாழிகள். எவ்வளவு கொள்ளும் என்று விளிம்பிலேயே ரோம எண்களில் கீறியிருக்கிறார்கள். அளவில் ஏமாற்ற வழியில்லை.

ஃபோரம் குளியலகத்துக்குப் பக்கத்தில் பொதுக் கழிப்பறை. பளிங்குப் பலகையில் வரிசையாகத் துளைகள், அடியில் ஓடுதண்ணீர், நடுவே தடுப்பு கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்தவரோடு ஊர்க்கதை பேசியிருப்பார்கள் போல. அக்கா இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கொலோசியத்துக்கு ஒரு மணி நேரம் போதும், ஒஸ்தியாவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள் என்பேன். பேரரசர்கள் ஊருக்குக் காட்ட விரும்பியது அங்கே இருக்கிறது. தானியம் இறக்கி, மாவரைத்து, கணக்கெழுதி, சாப்பிட்டுத் தூங்கியவர்களின் ஊர் இது.

அக்டோபர் 17, வியாழன், விமான நிலையம்

முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம். போர்த்துஸ் போக முடியவில்லை. ஒஸ்தியாவுக்கு வடக்கே கிளாடியஸ் பேரரசர் தொடங்கிய துறைமுகம் அது. பிறகு வந்த பேரரசர் டிராஜன் அறுகோண வடிவில் உள்துறைமுகம் வெட்டினார். ஒரு பக்கம் மட்டும் சுமார் 350 மீட்டர். இந்த விமான நிலையத்தை ஒட்டி இன்றும் ஏரியாகக் கிடக்கிறது. ஜன்னலோர சீட்டுக்காக அக்காவிடம் பேரம் நடக்கிறது. என் பங்கு இனிப்பையும் கேட்கிறாள்.