இருமல் மருந்தும் எண்ணூறு டாலரும்

மலைக் கொரில்லாக்களைப் பார்க்க உகாண்டாவின் புவிண்டிக்குப் போகும் குழுவில், காட்டுக்குள் நுழைவதற்கு முந்தின இரவு யாராவது ஒருவர் இருமுவார். கம்பாலாவிலிருந்து தென்மேற்கே ஒன்பது பத்து மணி நேரம் வண்டியில் குலுங்கி, கடைசிப் பகுதியில் செம்மண் புழுதியைத் தின்றபடி வந்து சேர்ந்தவர்கள். அது புழுதி தந்த இருமலா, விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தந்த சளியா என்று சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்து யார் இருமுகிறார், யார் மூக்கைத் துடைத்துக்கொண்டே சூப் குடிக்கிறார் என்று கவனிப்பது என் வேலையில் பெரும்பங்கு. சுற்றுலா நிறுவனத்தில் சேர்ந்தபோது ஓட்டல், வண்டி, பெர்மிட், பஞ்சரான டயர் இவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்றார்கள். இருமலைப் பற்றி யாரும் பேசவில்லை.

மலைக் கொரில்லாக்கள் உலகத்தில் இரண்டே காட்டுப் பகுதிகளில் வாழ்கின்றன. ஒன்று, உகாண்டாவின் புவிண்டியும் அதை ஒட்டிக் காங்கோவுக்குள் நீளும் சிறு பகுதியும். மற்றொன்று உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும் விருங்கா எரிமலைத் தொடர். 2019இல் வெளியான கணக்கெடுப்பையும் சேர்த்தால் மொத்தம் 1,063. நம் ஊரில் கொஞ்சம் வசதியான குடும்பத்துக் கல்யாணத்துக்கு வரும் கூட்டம் அவ்வளவுதான். எண்ணிக்கை மெல்ல ஏறியதால் 2018இல் அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கினார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் மனிதனுக்கு வரும் சளி அவற்றுக்கும் வரும் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. 2009இல் ருவாண்டாவின் ஹிர்வா என்ற கொரில்லாக் குடும்பத்தில் வளர்ந்த பெண் ஒன்றும் குட்டி ஒன்றும் இறந்தன. அவற்றில் கண்டுபிடிக்கப்பட்டது மனிதர்களிடையே சாதாரணமாகப் பரவும் மெட்டாநிமோ வைரஸ். 1996இல் புவிண்டியில் ஒரு குடும்பத்துக்கே சொறிநோய் வந்து, முடி கொட்டி, ஒரு குட்டி இறந்தது. அப்போது பூங்காக்களின் இளம் கால்நடை மருத்துவராக இருந்த கிளாடிஸ் கலேமா சிகுசோகா மற்றவற்றுக்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். நோய் காட்டோரத்து மனிதர்களிடமிருந்து வந்திருக்கவேண்டும் என்று தெரிந்த பிறகு, கொரில்லாவுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை என்று ஊர்மக்களின் சுகாதாரத்துக்கும் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையிலேயே சொல்லிவிடுவேன். கேட்டுக்கொள்வார்கள், தலையாட்டுவார்கள், சிலர் முகத்தில் உண்மையான வருத்தமும் தெரியும். பிறகு அறைக்குப் போய் இருமல் மருந்து குடிப்பார்கள்.

கோவையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். ஓய்வுபெற்றவர், படித்தவர், வழியெல்லாம் பறவைகளின் பெயர் சொல்லிக்கொண்டு வந்தவர். இரவு தொண்டை கட்டிய குரலில் அவர் பேசியதைக் கேட்டு அறைக் கதவைத் தட்டினேன்.

“தம்பி, இது வெறும் குளிர் ஒத்துக்கொள்ளாததுதான். காலையில் சரியாகிவிடும்.”

“ஐயா, காய்ச்சல் இருக்கிறதா?”

“மாத்திரை போட்டிருக்கிறேன். இப்போது இல்லை.”

“மாத்திரை போட்டால் காய்ச்சல் தெரியாது. அவ்வளவுதானே ஐயா?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எண்ணூறு டாலர் தம்பி,” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்கைத்தான் சொன்னார். வெளிநாட்டுப் பயணிக்கு உகாண்டாவில் கொரில்லாவைப் பார்க்கும் பெர்மிட் 2024 ஜூலையிலிருந்து 800 டாலர். ருவாண்டாவில் 2017 முதல் 1,500. விமான டிக்கெட்டையும் விடுதியையும் சேர்த்தால் ஒரு குடும்பம் வருடக்கணக்கில் சேர்த்த பணம். உடம்பு சரியில்லை என்று தாமாக முன்வந்து ஒதுங்குபவருக்கு வேறு நாள் தரவோ, நிபந்தனைக்கு உட்பட்டுப் பணத்தைத் திருப்பவோ உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் விதியிலேயே இடமிருக்கிறது. அந்த வரியை எந்த விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் நிறுவனத்தின் கையேட்டிலும் அது கடைசிப் பக்கத்தில், சாமான் எடை பற்றிய குறிப்புக்குக் கீழே கிடந்தது.

பெரியவர் மறுநாள் போகவில்லை. அவருடைய மனைவி போனார். விடுதிக்காரர்கள் இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். வேறு நாளுக்கு மாற்றிக் கொடுக்க முடிந்தது; ஆனால் அதற்காக அவர்கள் பயணத்தில் வேறொரு பூங்காவை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த இழப்பு சிறியதில்லை. பொறுப்பான பயணி என்று பேசுகிறவர்கள் பலரும் இந்த இழப்பைப் பற்றிப் பேசுவதில்லை. ஃபிளாஷ் போடாதீர்கள், சத்தம் போடாதீர்கள், குப்பை போடாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவற்றைக் கடைப்பிடிப்பது சுலபம், யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை.

காலை எட்டு மணி விளக்கக் கூட்டத்தில் விதிகளைச் சொல்வார்கள். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும். பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியில்லை. முகக்கவசம் கட்டாயம். காட்டில் மலம் கழிக்க நேர்ந்தால் ஓரடி ஆழம் குழி தோண்டி மூடவேண்டும். வெட்டுக்கத்தியோடு வரும் வழிகாட்டியே தோண்டித் தருவார், கூச்சப்பட்டால் ஆகாது. கொரில்லாவிடமிருந்து பத்து மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். கொரோனாவுக்கு முன் இது ஏழு மீட்டராக இருந்தது. அந்த ஏழு மீட்டராவது காப்பாற்றப்பட்டதா என்றால், இல்லை. புவிண்டியில் 53 பயணங்களைக் கூடவே போய் அளந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. அவற்றில் 52இல் விதி மீறப்பட்டிருந்தது. படித்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. மீறாத அந்த ஒரு பயணத்தில் யார் போனார்கள் என்றுதான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

காட்டுக்குள் நின்று பார்த்தால் ஏன் என்று புரியும். டிராக்கர்கள் விடிவதற்கு முன்பே போய், முந்தின நாள் கொரில்லாக்கள் தூங்கிய இலைப் படுக்கைகளிலிருந்து தடம் பிடித்து ரேடியோவில் இடம் சொல்லிவிடுவார்கள். நாம் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் செங்குத்தான சரிவு. காலுக்குக் கீழே மண் இல்லை, கொடிகள்மேல்தான் நிற்கிறோம். முழங்கைவரை காஞ்சொறி எரிகிறது. வழிகாட்டி தொண்டைக்குள் இரண்டு முறை கனைக்கிறார். எதிர்ப் புதரிலிருந்து அதே கனைப்பு பதிலாக வருகிறது. முதுகு வெளுத்த ஆண், சில்வர்பேக், நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு தண்டை உரித்து நாரைத் துப்பிவிட்டு உள்ளே இருப்பதைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்த வாசனை, வியர்வையும் நனைந்த இலையும் சேர்ந்தது, முகக்கவசத்தைத் தாண்டி வருகிறது. அப்போது இரண்டு வயதுக் குட்டி ஒன்று கொடியைப் பிடித்து ஆடிக்கொண்டே நேரே நம்மை நோக்கி வரும். பத்து மீட்டர் நாலாகி, நாலு இரண்டாகும். குட்டிக்கு விதி தெரியாது.

அங்கேதான் வந்தவரின் நடத்தை தெரியும். பின்னால் நகரவேண்டும், நகர இடமில்லையென்றால் கையை மடக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் இருக்கவேண்டும். பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். சிலர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, கொரில்லாவுக்கு முதுகைக் காட்டி, கைப்பேசியை நீட்டுகிறார்கள். வழிகாட்டி அதட்டினால் அடங்குவார்கள். ஆனால் அதட்டுவது அவருக்கு எளிதா? நாள் முடிவில் அன்பளிப்பு தரப்போவது அதே கைதான். “இன்னும் கொஞ்சம் கிட்டே” என்ற வேண்டுகோளுக்கு இணங்கியவருக்கு அதிகமும், மறுத்தவருக்குக் குறைவும் கிடைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான். அன்பளிப்புப் பணத்தை முந்தின இரவே குழுவிடம் வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிடுகிறேன். காலையில் வழிகாட்டிக்கும் அதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர் குரலில் வரும் அதட்டலே தனி.

அலுவலகத்தில் படங்களைப் பற்றி ஒரு சண்டை நடந்தது. எங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்தவற்றில் பாதி, பயணியும் கொரில்லாவும் தோளோடு தோளாக நிற்கும் படங்கள். அவற்றைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர் அதையேதான் எதிர்பார்த்து வருவார். அவரிடம் மலையேறி வந்த பிறகு பத்து மீட்டர் என்றால் ஏமாற்றிவிட்டோம் என்றுதான் நினைப்பார். மனிதரும் கொரில்லாவும் ஒரே சட்டகத்தில் இருக்கும் படங்களை எடுத்துவிடவேண்டும் என்றேன். விளம்பரம் பார்க்கிற தோழி, “அண்ணா, பிறகு யார் இந்தப் பக்கத்தைத் திறப்பார்கள்?” என்றாள். ஒரு வழியாக எடுத்துவிட்டோம். கொரில்லா மட்டும் உள்ள படங்கள் எல்லா நிறுவனத்திடமும் இருப்பதால் எங்களுடையது இப்போது மற்றவர்களுடையதைப்போலவே இருக்கிறது. அது அவளுடைய குறை, அதில் நியாயமும் இருக்கிறது.

போர்ட்டர் விஷயத்தில் மட்டும் நான் யார் பேச்சையும் கேட்பதில்லை. “என் பையை நானே தூக்குவேன், உடம்பில் தெம்பு இருக்கிறது” என்று பெருமையாகச் சொல்லும் இளைஞர்களிடம், தெம்பு இருக்கட்டும், ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். 1991இல் புவிண்டி தேசியப் பூங்கா ஆனபோது பட்வா மக்கள் தாங்கள் வாழ்ந்த காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். சுற்றிலும் வாழையும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறவர்கள் தோட்டத்தில் கொரில்லா புகுந்தால் நஷ்டப்படுகிறார்கள். பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதமும், ஒவ்வொரு கொரில்லா பெர்மிட்டிலிருந்தும் 10 டாலரும் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகின்றன. ஆனால் அது ஊர்ப் பொதுவுக்கு; வீட்டு அடுப்புக்கு நேரே போகிற காசு போர்ட்டர் கூலிதான். 2020இல் பயணிகள் வருவது நின்றபோது, ஜூன் மாதம், நிகுரிங்கோ குடும்பத்தின் சில்வர்பேக் ரஃபிகி ஈட்டியால் குத்தப்பட்டுச் செத்தது. சிறு விலங்குகளை வேட்டையாட நுழைந்தவர் செய்தது. அவருக்குப் பதினொரு வருடம் சிறை. போர்ட்டர் வேலை நடந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்லமாட்டேன். அந்த மாதங்களில் அந்த ஊர்களில் கையில் காசில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது பயணத் திட்டங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். பெர்மிட் நாளுக்கு முன்னால் ஓர் ஓய்வு நாளும், பின்னால் எதுவும் குறிக்காத ஒரு நாளும் சேர்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒளித்து வைத்த சளி ஒரு நாள் இருந்தால் வெளிப்பட்டுவிடும். ஒதுங்க நினைப்பவருக்கும் ஒதுங்க வசதியிருக்கும். விற்பனைப் பிரிவு ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து நிறுவனம் ஆறு நாளில் தருவதை நாம் எட்டு நாளில் தந்தால் யார் வாங்குவார்கள் என்கிறார்கள். இரண்டு திட்டத்தையும் விலையோடு அருகருகே அச்சிடலாம், கூடுதல் நாள் எதற்கு என்பதை வாடிக்கையாளருக்கே எழுதிவிடலாம், பணம் திரும்பும் விதியைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குக் கொண்டுவரலாம் என்று பதில் எழுதியிருக்கிறேன். டிசம்பர் முன்பதிவு தொடங்குவதற்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.