தோவாளைச் சந்தையில் ஓர் அட்டை ஆப்

பூ விலை பார்க்க ஒரு ஆப் செய்யலாம் என்று யோசனை. நிரல் எழுதும் முன் திரைகளை அட்டையில் வரைந்து, விடியற்காலையிலேயே தோவாளைப் பூச்சந்தைக்குப் போனேன். பிச்சிப்பூ எடை போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் நீட்டினேன்.

"எங்க மக்கா தொடுகது? கை முழுக்க ஈரம்லா!"

அப்படியே நின்றுவிட்டேன். விரல் பட்டு மாறும் மின்புலத்தை உணர்ந்துதான் தொடுதிரை வேலை செய்யும். தண்ணீர் பட்டால் குழம்பிவிடும். தெரிந்த விஷயம்தான். ஆனால் வரையும்போது அந்தக் கை என் கண்முன் இல்லை. விரல் இடுக்கில் பிச்சி இதழ் ஒட்டியிருந்தது.

ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். எனக்கு முதல் ஆளிடமே பெரிய குறை கிடைத்தது. அட்டையிலிருந்த பட்டன்களையெல்லாம் அடித்து நீக்கிவிட்டேன். இனி குரல்தான். நாளைக்கு அதே சந்தை இரைச்சலில், ஆப்புக்குப் பதில் நானே விலை சொல்லிப் பார்க்கப் போகிறேன். இன்னும் நாலு பேர் பாக்கி.